இரு பிள்ளைகளுக்கு ஓ.சி.ஐ. அட்டை: அமெரிக்காவில் ஒரு விண்ணப்ப மையத்தின் சேவை எப்படி?

அமெரிக்காவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இருவருக்கும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் ஓ.சி.ஐ. (Overseas Citizen of India) அட்டை பெறுவதற்காக, இந்தியத் தூதரகத்தின் சார்பில் விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்த்து அனுப்பும் தனியார் மையம் ஒன்றின் சேவையை அண்மையில் பயன்படுத்தினோம். அட்டைகள் கைக்கு வந்துவிட்டன. பெயர்களும் பிழையின்றி இருக்கின்றன. ஆயினும் அந்த மையம் எதற்காகப் பணம் வாங்குகிறது, அந்தப் பணத்துக்கு எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டு போனால், குறிப்பாகத் தமிழ்க் குடும்பங்களுக்கு, அலைச்சல் பெருமளவு குறையும் என்பதால் இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரையும் நகரத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். கவுன்டரில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே இத்தகைய இடங்களில் அனுபவம் மாறுகிறது. பெயரைச் சொல்வதால் வாசிப்பவருக்குக் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை.

வாங்கும் பொருள் என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிற நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்காக, 2005 ஆம் ஆண்டில் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடே ஓ.சி.ஐ.; அதற்கு முன்பிருந்த, இந்திய வம்சாவளியினருக்கான பி.ஐ.ஓ. (Person of Indian Origin) அட்டைத் திட்டம் 2015 ஜனவரியில் இதனுடன் இணைக்கப்பட்டது. இந்த அட்டை உடையவர் வாழ்நாள் முழுவதும் தனியாக விசா வாங்காமல் இந்தியாவுக்கு வந்து போகலாம். எவ்வளவு காலம் தங்கினாலும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசுப் பணியில் பொதுவாகச் சேர முடியாது, விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. 2021 மார்ச் 4 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, நீட், ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளை எழுதலாம் என்றாலும், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான இடங்களுக்கும் அவற்றைப் போன்ற கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே தகுதி உண்டு. பிள்ளையைப் பின்னாளில் சென்னையிலோ வேலூரிலோ மருத்துவம் படிக்க வைக்கலாம் என்று மனக்கணக்குப் போடும் பெற்றோர் இந்த நிபந்தனையை இருமுறை படிப்பது நல்லது.

பிள்ளைகளை இந்தியக் குடிமக்களாகவே பதிவு செய்திருக்கக் கூடாதா என்று என் மாமனார் கும்பகோணத்திலிருந்து பலமுறை கேட்டார். நியாயமான கேள்விதான், சட்டத்தில் அதற்கு வழியும் இருக்கிறது. 1955 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4 ஆவது பிரிவு, 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகளைப் பொறுத்தவரை, பெற்றோரில் ஒருவராவது குழந்தை பிறந்தபோது இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்து, பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் அப்பிறப்பைப் பதிவு செய்தால் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை உண்டு என்கிறது. ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆனால் பதிவின்போது, குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும். அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தையோ அமெரிக்கக் குடிமகன். அமெரிக்கக் குடிமக்கள் அந்நாட்டை விட்டுப் புறப்படவும் திரும்பவும் அமெரிக்க பாஸ்போர்ட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தாத்தா பாட்டியைப் பார்க்க ஒருமுறை விமானம் ஏறும் எண்ணம் இருந்தாலே, அமெரிக்க பாஸ்போர்ட்டும் அதனுடன் ஓ.சி.ஐ. அல்லது விசாவும் என்ற இடத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. வளைகுடாவில் வாழும் என் தம்பிக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை கிடைப்பதில்லை. ஆகவே குழந்தை பிறந்ததும் பிறப்பைப் பதிந்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடுகிறார்கள்.

விலை பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் புதிய ஓ.சி.ஐ. விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் ஆளுக்கு 275 டாலர். குழந்தைகளுக்குச் சலுகை கிடையாது. மையத்தின் சேவைக் கட்டணமும் கூரியர் செலவும் அதற்கு மேல். இதற்கு மாற்றாக, ஐந்தாண்டுச் சுற்றுலா இ-விசா அமெரிக்கக் குடிமக்களுக்கு 80 டாலர்தான். மூன்று முறை எடுத்தாலும் 240 டாலர். பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடும். பணத்தை மட்டும் எண்ணினால் ஓ.சி.ஐ. பெரிய இலாபம் அன்று. ஆனால் இ-விசாவில் ஒரே வருகையில் 180 நாள்களுக்கு மேல் தங்க முடியாது. ஊரில் பள்ளியில் சேர்க்க அந்த விசா உதவாது. குறிப்பிட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாகவே நுழைய முடியும். எங்களைப் போல ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புபவர்கள், என்றாவது திரும்பி வந்துவிடும் எண்ணத்தைக் கைவிடாதவர்கள், வயதான பெற்றோருக்கு உடல்நலம் சரியில்லை என்று நள்ளிரவில் தொலைபேசி வந்தால் மறுநாளே புறப்பட வேண்டியவர்கள் ஆகியோருக்கு ஓ.சி.ஐ. தகும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு வாரத்தில் திரும்புபவர்கள் இ-விசாவோடு நிறுத்திக்கொள்ளலாம்; அக்கம்பக்கத்தார் எல்லோரும் எடுத்துவிட்டார்கள் என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. நினைவுச் சின்னங்களில் இந்தியர்களுக்கான நுழைவுக் கட்டணமே ஓ.சி.ஐ. உடையவர்களுக்கும் என்பதைச் சிலர் பெரிய சலுகையாகச் சொல்வார்கள். மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டினருக்கு 600 ரூபாய் என்பது உண்மை. ஆனால் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே கட்டணமே இல்லை என்பதால், எங்கள் வீட்டில் இந்தச் சலுகை வேலை செய்ய இன்னும் நெடுநாள் ஆகும்.

விண்ணப்பத்துக்கு அடிப்படை பிள்ளைகளின் அமெரிக்க பாஸ்போர்ட். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் தாய், தந்தை இருவரும் பிள்ளையுடன் நேரில் போக வேண்டும், ஒருவர் வர இயலாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும், அஞ்சலகத்திலேயே வேலை முடிந்துவிடும், ஐந்தாண்டுக்குச் செல்லும். கையோடு ஒரு காரியத்தை மட்டும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: பெற்றோர் பெயர்கள் முழுமையாக அச்சிடப்பட்ட நீண்ட வடிவப் பிறப்புச் சான்றிதழுக்குக் கூடுதல் படிகளை வாங்கிக்கொள்ளுங்கள். சுருக்க வடிவச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இல்லாமற் போகலாம். அப்படிப்பட்ட சான்றிதழ் ஓ.சி.ஐ. விண்ணப்பத்தில் செல்லாது.

அடுத்து இணையதளம். ஓ.சி.ஐ. விண்ணப்பம் இந்திய அரசின் தளத்தில் இரண்டு பகுதிகளாக நிரப்பப்பட வேண்டும். அதை முடித்த பிறகு, மையத்தின் தளத்தில் தனிக் கணக்குத் தொடங்கி, ஏறத்தாழ அதே விவரங்களை மீண்டும் ஒருமுறை தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டு தளங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஆகவே ஒன்றில் இட்டதற்கும் மற்றொன்றில் இட்டதற்கும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் பின்னால் கேள்வி வரும். புகைப்படத்துக்கு அரசுத் தளம் சொல்லும் விதி சதுர வடிவம், வெளிர் நிறப் பின்னணி, ஆனால் வெள்ளை கூடாது என்பது. அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கோ வெள்ளைப் பின்னணி வேண்டும். மருந்துக் கடைகளில் எடுத்துத் தரும் படம் அந்தப் பழக்கத்தில் வெள்ளையாகவே வருகிறது. வீட்டுச் சுவரில் இளநீலத் துணியைக் கட்டிக் கைபேசியில் எடுப்பதே எளிது. கையெழுத்துப் போடத் தெரியாத குழந்தைக்குக் கைநாட்டு. ஆண் குழந்தைக்கு இடக்கைப் பெருவிரல், பெண் குழந்தைக்கு வலக்கைப் பெருவிரல். குழந்தைக்காகப் பெற்றோர் கையெழுத்திட்டால் ஏற்கமாட்டார்கள். உடலில் உள்ள அடையாளக் குறி எது என்ற கட்டமும் உண்டு. மச்சம் தேடும் அந்த மாலைப்பொழுதைப் பிள்ளைகள் மிகவும் இரசித்தார்கள்.

இனி, இந்த மதிப்புரைக்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஏற்பாடு முழுவதும் ஒவ்வொரு மனிதருக்கும் தலைமுறைகளாகத் தொடரும் ஒரு குடும்பப் பெயர் இருக்கும் என்ற எண்ணத்தின் மீது எழுப்பப்பட்டிருக்கிறது. நமக்கு அப்படி இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக முன்னால் வைத்துக்கொள்வோம். சாதிப் பெயரை விட்டொழித்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது. இந்திய பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கமாக வைக்க முடியாது; அதை விரித்துத் தந்தையின் பெயரைச் சர்நேம் (குடும்பப் பெயர்) கட்டத்தில் இடுவோர் உண்டு; தம் பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்து ஒரே கட்டத்தில் எழுதிச் சர்நேமை வெற்றாக விடுவோரும் உண்டு. சர்நேம் வெற்றாக இருக்கும் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா ஒட்டும்போது, முழுப் பெயரையும் சர்நேம் இடத்தில் போட்டு, முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்தை முதற்பெயராக்கிவிடுகிறார்கள். அது ஓட்டுநர் உரிமத்துக்கும், வங்கிக் கணக்குக்கும், சில சமயம் மருத்துவமனைப் பதிவேட்டுக்கும் தொற்றிக்கொண்டு போகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். என் கணவரின் பழைய இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை. மூத்த மகள் பிறந்தபோது அவருடைய அமெரிக்க ஆவணங்கள் எல்லாவற்றிலும் எஃப்.என்.யு. இருந்தது, மகளின் பிறப்புச் சான்றிதழிலும் தந்தையின் முதற்பெயராக அதுவே ஏறியது. பின்னர் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது, விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கோரி, தம் பெயரை முதற்பெயராகவும் தம் தந்தையின் பெயரைச் சர்நேமாகவும் முறைப்படுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு பிறந்த மகனின் சான்றிதழில் அந்தப் புதிய பெயர் இருக்கிறது. ஆக, ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இரு பிள்ளைகளின் சான்றிதழ்களில் தந்தையின் பெயர் இரு விதம். பிள்ளைகள் இருவருக்கும் வழக்கப்படி அப்பாவின் பெயரே சர்நேம். எனக்கு என் அப்பாவின் பெயர் சர்நேம். திருமணத்துக்குப் பிறகும் நான் அதை மாற்றவில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் மூன்று சர்நேம்கள்! நம் வீடுகளில் இது அன்றாடம். கோப்பைப் பார்ப்பவருக்கோ, தொடர்பில்லாத மூவர் சேர்ந்து இரு குழந்தைகளுக்கு உரிமை கோருவது போலத் தோன்றக்கூடும்.

குழந்தைக்கான ஓ.சி.ஐ. விண்ணப்பத்தில் பிள்ளை முன்னொருபோதும் இந்தியக் குடிமகனாக இருந்ததில்லை. ஆகவே பெற்றோர் வழியாகவே அதன் இந்தியத் தொடர்பு நிறுவப்படுகிறது. பிறப்புச் சான்றிதழில் உள்ள தந்தையும், திருமணச் சான்றிதழில் உள்ள கணவரும், ரத்து செய்யப்பட்ட இந்திய பாஸ்போர்ட்டில் உள்ள மனிதரும், இந்தியக் குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றிதழில் உள்ளவரும், இன்றைய அமெரிக்க பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று காட்டியாக வேண்டும். மையம் தரும் சரிபார்ப்புப் பட்டியலில் இந்த ஆவணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பெயர் மாறினால் அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்பதற்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை. நாங்கள் நீதிமன்றத்தின் பெயர் மாற்ற ஆணையின் படியை இணைத்தோம். அதனுடன், இந்த இன்ன பெயர்கள் யாவும் ஒரே நபரைக் குறிப்பன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு வைத்தோம். மேலும், எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் எப்படி இருக்கிறது, ஏன் மாறியது என்பதை ஆண்டு வரிசையில் சொல்லும் ஒரு பக்கக் கடிதத்தை மேலே வைத்தோம். கேட்கப்படாத இந்தக் கடிதமே எங்களுக்கு மிகவும் உதவியது என்பது என் முடிவு. கவுன்டர் ஊழியர் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்ற தாள்களைப் புரட்டினார்.

திருமணச் சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2009 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு முன் மணமானவர்களில் பலரிடம் அழைப்பிதழும் ஒளிப்படத் தொகுப்பும் இருக்கும், சான்றிதழ் இருக்காது. ஊருக்குப் போகும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே ஆங்கிலத்தில் தரச் சொல்லுங்கள். 'ழ', 'த', 'ச' வரும் பெயர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வோர் உருவம் கொள்ளும்.

மையத்துக்கு வருவோம். முன்பதிவு செய்த நேரத்துக்குச் சற்றுத் தாமதமாக அழைத்தார்கள். பெரிய குறை அன்று. இடம் தூய்மையாக இருந்தது. குழந்தைகளுடன் வருவோர் மிகுதி என்று தெரிந்தும், அவர்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கவில்லை; தண்ணீர் இயந்திரம் கூட இல்லை. டோக்கன் முறை ஒழுங்காக இயங்கியது. பாதுகாவலர், கூடத்தில் அமர்ந்திருந்த ஒரு முதிய தம்பதியரிடம் படிவத்தை எப்படி மடிக்காமல் வைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; இத்தகைய சிறு அக்கறை அரசு அலுவலகங்களில் கிடைப்பது அரிது.

எங்களுக்கு வாய்த்த ஊழியர் தெலுங்கர். மூன்று சர்நேம்களைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நிமிர்ந்தவர், கடிதத்தைப் படித்ததும், "எங்களுக்குப் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயராவது இருக்கும் மேடம், உங்களுக்கு அதுவும் கிடையாது" என்று சிரித்துவிட்டு, ஒவ்வொரு தாளாக ஒப்பிடத் தொடங்கினார். அவருடைய வேலை அதுதான்: தாள் இருக்கிறதா, படியில் கையெழுத்து இருக்கிறதா, படத்தின் அளவு சரியா, எழுத்துக்கள் பொருந்துகின்றனவா. அதை அவர் மிகக் கவனமாகச் செய்தார். மகனின் பெற்றோர் சம்மதப் படிவத்தில் நோட்டரியின் முத்திரை மங்கியிருந்ததைக் கண்டு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நோட்டரி இருப்பதைச் சொல்லி, மீண்டும் வரிசையில் நிற்காமல் நேரே தம் கவுன்டருக்கே வரச் சொன்னார். அஞ்சலில் அனுப்பியிருந்தால் அந்த ஒரு முத்திரைக்காகக் கோப்பு முழுவதும் திரும்பி வந்திருக்கும். சேவைக் கட்டணத்துக்கு ஈடான வேலை என்று நான் கருதுவது இந்த நேரடிச் சரிபார்ப்பைத்தான்.

ஆனால் அவரால் ஒன்றைச் சொல்ல முடியவில்லை, சொல்லவும் கூடாது: இந்த ஆவணங்கள் போதுமா என்பதை. முடிவெடுப்பது துணைத் தூதரகமும், அதற்கு மேல் இந்தியாவும். மையத்துக்கு அதில் அதிகாரம் இல்லை. "நாங்கள் அனுப்புவோம், அவர்கள் பார்ப்பார்கள்" என்பதே எந்தக் கேள்விக்கும் இறுதி விடை. இதைப் புரிந்துகொள்ளாமல் கவுன்டரில் குரலை உயர்த்தும் மனிதர்களை அன்றும் பார்த்தேன். கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் இல்லை.

மையத்தின் மீது எனக்குள்ள உண்மையான மனக்குறை இரண்டு. முதலாவது, கூடுதல் சேவைகளை முன்வைக்கும் விதம். குறுஞ்செய்தித் தகவல், படிவம் நிரப்பும் உதவி, ஒளிநகல், புகைப்படம், தனி அறையில் அமர வைத்துக் கவனிக்கும் சிறப்புச் சேவை என்று பலவும் இருக்கின்றன. யாவும் விருப்பத்தின் பேரில் பெறுபவையே. ஆனால் இணையவழிக் கட்டணப் பக்கத்தில் அவை கட்டாயக் கட்டணங்களுக்கு நடுவே கலந்து நிற்கின்றன. பொறுமையாக ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து வேண்டாததை நீக்காவிட்டால் தொகை ஏறிவிடும். சிறப்புச் சேவைக்குப் பணம் கட்டியவரின் கோப்பும் அதே துணைத் தூதரகத்துக்குத்தான் போகிறது; அங்கே அதற்கு முன்னுரிமை கிடையாது. நாற்காலி சற்று மெத்தென்றிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, தொலைபேசி உதவி. நெடுநேரம் இசை கேட்ட பிறகு கிடைக்கும் குரல், இணையதளத்தில் நாம் ஏற்கெனவே படித்த வரியையே வாசிக்கிறது. மகளின் விண்ணப்பம் தொடர்பாகக் கூடுதல் ஆவணம் தேவை என்று மின்னஞ்சல் வந்தது. எந்த ஆவணம் என்று அதில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, சரிபார்ப்புப் பட்டியலைப் பார்க்குமாறு சொன்னார்கள். பட்டியலில் உள்ள யாவும் அவர்களிடமே இருந்தன. எழுத்து மூலம் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பிறகே பெற்றோர் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட இன்னோர் உறுதிமொழி வேண்டும் என்று தெரிந்தது. நாங்கள் வைத்ததில் கணவர் மட்டுமே கையெழுத்திட்டிருந்தார், அது அவருடைய பெயரைப் பற்றியது என்பதால். கேட்டது நியாயமற்றது என்று சொல்லமாட்டேன். முதல் மின்னஞ்சலிலேயே அந்த ஒரு வரி இருந்திருந்தால் மகளின் அட்டை மகனின் அட்டையோடு சேர்ந்தே வந்திருக்கும்.

ஓ.சி.ஐ. புத்தகங்கள் இந்தியாவில்தான் அச்சிடப்பட்டுத் தூதரகங்களுக்கு வருகின்றன. ஆகவே எந்த மையத்தில் கொடுத்தாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆவதைத் தவிர்க்க முடியாது. விமானச் சீட்டை வாங்கிவிட்டு விண்ணப்பிப்பது வீண் படபடப்பு; விடுமுறை நெருங்கிவிட்டது என்றால் அந்தப் பயணத்துக்குத் தனியாக என்ன செய்யலாம் என்று தூதரகத்தின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்வதே சரி. நிலையை அறிய மையத்தின் தளத்தை விட அரசுத் தளமே மேல். மையத்தின் தளம் 'தூதரகத்தின் பரிசீலனையில்' என்ற ஒரே வாசகத்தைக் காட்டிக்கொண்டிருந்த நாள்களில், அரசுத் தளம் அட்டை வழங்க ஒப்புதல் கிடைத்துவிட்டதைச் சொல்லிவிட்டது.

கூரியர் உறையில் வந்தவை பாஸ்போர்ட் போலவே தோற்றம் கொண்ட சிறு புத்தகங்கள். பேச்சு வழக்கில் அட்டை என்கிறோம். சட்டைப் பைக்குள் வைக்கும் அட்டையை எதிர்பார்த்த மகளுக்குச் சற்று ஏமாற்றம். வந்த உடனே பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட வேண்டும். பிழை இருந்தால் சென்னை விமான நிலையத்தின் குடியேற்றக் கவுன்டர் முன்னால் நின்று அதைக் கண்டுபிடிப்பதை விட, வீட்டில் வைத்துக் கண்டுபிடிப்பது நல்லது.

வாங்கிய பின்னும் ஒரு வேலை இருக்கிறது. மையத்தில் யாரும் அதை எங்களிடம் சொல்லவில்லை. முன்பு, 20 வயது வரை ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதும் ஓ.சி.ஐ.யையும் மீண்டும் எடுக்க வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. இப்போது 20 வயது ஆகும் வரை, புதிய பாஸ்போர்ட் கிடைத்த மூன்று மாதங்களுக்குள் அதன் படியையும் புதிய புகைப்படத்தையும் அரசுத் தளத்தில் பதிவேற்றினால் போதும், கட்டணம் இல்லை. 20 வயது நிறைந்த பிறகு எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஒருமுறை ஓ.சி.ஐ.யை மறுபடி வழங்கச் செய்ய வேண்டும். குழந்தை முகம் மாறி வளர்ந்த முகம் பதிவாக வேண்டும் என்பதே காரணம். பிள்ளைகளின் அமெரிக்க பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறுவதால், இந்தப் பதிவேற்றம் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று முறையாவது வரும். இதற்காக மையத்துக்குப் போகவோ முகவருக்குப் பணம் கொடுக்கவோ வேண்டாம். முகவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால்: வணிக வளாகங்களில் பலகை மாட்டியிருக்கும் ஆலோசகர்கள் படிவத்தை நிரப்பித் தருவதைத் தவிர வேறெதுவும் செய்துவிட முடியாது, உள்ளே எனக்கு ஆள் தெரியும் என்று சொல்பவரிடம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்.

யாருக்கு நேரடி மையம், யாருக்கு அஞ்சல் என்று கேட்டால், என் கருத்து இது. பெற்றோர் இருவரின் பெயரும் எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இருப்பவர்கள் அஞ்சலிலேயே அனுப்பிவிடலாம். பயணச் செலவும் விடுப்பும் மிச்சம். இனிஷியலை விரித்ததில் வேறுபாடு, எஃப்.என்.யு., திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றம் என்று ஏதேனும் ஒன்று இருப்பவர்கள், இரண்டு மூன்று மணி நேரப் பயணமாக இருந்தாலும் நேரில் போவதே நல்லது. விண்ணப்பம் நீங்கள் வாழும் மாநிலத்துக்கு உரிய துணைத் தூதரகத்துக்கே போகும் என்பதால், வேறு மாநிலத்தில் கூட்டம் குறைவு என்று அங்கே போய்ப் பயனில்லை. சில நகரங்களில் துணைத் தூதரகங்களே கோயில்களிலும் சங்கக் கட்டடங்களிலும் வார இறுதி முகாம்கள் நடத்துகின்றன. பெயர்ச் சிக்கல் உள்ளவர்களுக்கு அந்த முகாம் மையத்தை விடவும் உகந்தது. அங்கே வருபவர்கள் முடிவெடுக்கும் அலுவலகத்தின் ஆட்கள் என்பதால், போதுமா போதாதா என்ற கேள்விக்கு அவர்களிடமாவது ஒரு விடை கிடைக்க வாய்ப்புண்டு.

மையத்துக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கவுன்டர் ஊழியருக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடலாம் என்றால் ஐந்தும் அவருக்கு. குறைந்த ஒன்றரையை அந்தத் தொலைபேசி இசையும் கட்டணப் பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். மகனின் பாஸ்போர்ட் அடுத்த ஆண்டு காலாவதியாகிறது. அதைப் புதுப்பித்ததும் பதிவேற்ற வேண்டிய வேலையை வீட்டிலிருந்தே முடிப்போம். இளநீலத் துணியை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறோம்.